இரண்டாவது ஆமைக்கு ஒரு தந்தி

1979 ஓகஸ்ட் 14

எங்கள் ஊர்காவற்றுறை அரசாங்கக் கந்தோரில் இருக்கிற தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'ஆ' விழாது. மற்ற எழுத்தெல்லாம் விழும். இன்றைக்கென்று பார்த்து ஆமையைப் பற்றி நாலு பக்கம் முதல் நகல் அடிக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு 'மை'க்கும் முன்னால் இடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு பேனையால் 'ஆ' போட்டேன். அறுபத்திரண்டு 'ஆ'. விரல் முழுக்க மை.

விசயம் இதுதான். உலகத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன. அருகிப்போகிற உயிர்களையோ அவற்றின் தோல், கொம்பு, ஓடு எதையுமோ ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வியாபாரமாக அனுப்பக்கூடாது. இந்த வருடம் இலங்கையும் சேர்ந்துவிட்டது. சேர்ந்தால் வருடா வருடம் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். ஆகவே கொழும்புக்குத் திடீரென்று எங்கள் தீவுகளின் ஞாபகம் வந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். கடலாமை பிடிப்பதும் அதன் இறைச்சி விற்பதும் உள்நாட்டுச் சட்டத்தில் 'ஏற்கெனவே' தடை என்பதையும் சனங்களுக்கு நினைவூட்ட வேண்டுமாம்.

ஏற்கெனவே! நெடுந்தீவில் ஆமை இறைச்சி தின்று வளர்ந்த எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

சுற்றறிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கிறது. 'தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்' என்று அடியில் ஒரு வரி. அந்தப் 'பின்னர்' எங்களுக்குப் பழக்கமானது. ஆகையால் தலைமை எழுதுவினைஞர் தியாகலிங்கம் சேர் மேசையில் கடதாசிக் கட்டை வைத்துவிட்டு, "பிள்ளை, நீரே தமிழாக்கும்" என்று போய்விட்டார்.

ஓகஸ்ட் 15

'ஸ்டேட் பார்ட்டி' என்று ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'அரச கட்சி' என்று போடச் சொன்னார் சேர்.

"சேர், அப்பிடிப் போட்டால் சனம் எந்தக் கட்சி எண்டு கேக்கும்."

"அப்ப நீர் என்ன போடப் போறீர்?"

"தரப்பு நாடு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னதாய் இருக்கட்டும்."

ஓகஸ்ட் 19, ஞாயிறு. நெடுந்தீவு

வெள்ளி பின்னேரம் ஊர்காவற்றுறையில் ஏறிய பஸ் இறுப்பிட்டியில் படுத்துவிட்டது. மிச்சத் தூரம் நடந்து, குறிகட்டுவான் படகுத்துறையில் கடைசி லோஞ்சைக் கையைக் காட்டி மறித்து ஏறினேன். வீட்டுக்கு வந்தால் எல்லார் முகத்திலும் வெளிச்சம். ஞானசவுந்தரி அக்காவுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது! மாப்பிள்ளை மண்டைதீவு. சொந்தமாக வள்ளம், நல்ல பழக்கம், முன்பல் மட்டும் கொஞ்சம் மிதப்பு. அக்கா அதையும் அழகென்கிறாள். தை மாதம், ஜனவரி இருபத்து மூன்றாம் திகதி.

எங்களைப் பெற்ற அப்பு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே அறிவித்தார்: "மாப்பிள்ளையின்ரை பெரியப்பருக்குச் சொல்லிப்போட்டன். பேராமை ரெண்டு. மேற்கிலை சில்வெஸ்ரர் வீட்டுக் கலியாணம் எண்டால் ஆமை இறைச்சி இல்லாமலோ?"

அம்மாவும் அக்காவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னுடைய பையில் அறுபத்திரண்டு 'ஆ' இருந்தது.

சொல்லவில்லை. தை வர எவ்வளவோ நாள் இருக்கிறது.

செப்ரெம்பர் 11

நாசமாய்ப் போக. நெடுந்தீவு மீன்பிடிச் சங்கத்தில் அறிவித்தலை வாசித்து விளக்க ஆள் வேண்டுமாம். "நீர் அவ்வூர்ப் பிள்ளை, நீரே போம்" என்கிறார் சேர். போக்குவரத்துக்கு லீவு வேறு தருவாராம். சங்கத்துத் தலைவர் யார் என்று அவருக்குத் தெரியாது.

என்ரை அப்புதான்.

செப்ரெம்பர் 16, ஞாயிறு

பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம். நாற்பது பேர் வரை. தலைவரின் கதிரையில் அப்பு, வெள்ளைச் சேட்டு, தோளில் சால்வை. மகள் கந்தோரிலிருந்து வந்து பேசப் போகிறாள் என்ற பெருமையில் காலையிலேயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோழை!

வாசித்தேன். நாலாம் வரியில் அப்புவின் கால் ஆட்டம் நின்றது.

'கடலாமைகள் முதலாம் பின்னிணைப்பில் அடங்கும்' என்று வந்தபோது பின்வாங்கில் ஒருவர் எழும்பினார். "பின்னிணைப்பு எண்டால் என்ன தங்கச்சி?" எனக்கு அவசரத்தில் தமிழ் வரவில்லை. அப்பெண்டிக்ஸ் என்றுவிட்டேன். "அது எனக்கு வெட்டி எடுத்தாச்சு" என்றார். கூரை பறக்கச் சிரிப்பு. அப்பு சிரிக்கவில்லை.

பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். பொதுவாக, யாரோ ஓர் உத்தியோகத்தரைக் கேட்பதுபோல.

"உதை ஆர் எழுதினது?"

"ஐம்பதுக்கு மேலை நாடுகள் சேர்ந்து."

"அதிலை எத்தினை நாட்டிலை ஆமை இருக்கு?"

தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

"சரி. நாங்கள் பிடிச்சுக் குசினியிலை காய்ச்சுறம். உது எந்த நாட்டுக்குப் போற வியாபாரம்?"

"அது இந்த உடன்படிக்கைக்குள்ளை வராது. ஆனால் எங்கடை நாட்டுச் சட்டத்திலை முந்தியே தடை."

"எப்ப துவக்கம்?"

"கன வருசம்."

"இவ்வளவு காலமும் ஆர் வந்து சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் இப்ப நான் வந்தனான்."

அப்பு சால்வையை உதறி மறு தோளில் போட்டார். "கூட்டம் முடிஞ்சுது."

செப்ரெம்பர் 17

அப்பு கதைக்கவில்லை. லோஞ்சடிக்கு வழக்கமாக வந்து விடுகிறவர் வரவில்லை. அம்மா பொரித்த மீனைப் பொட்டலம் கட்டித் தந்து, "சபையிலை வைச்சுக் கேட்டதுதான் அவருக்குப் பிடிக்கேல்லை. வீட்டிலை ஒரு சொல்லு முந்திச் சொல்லியிருக்கலாம்" என்றா.

அம்மா சொல்வது சரி. அதுதான் எரிச்சல்.

ஒக்ரோபர் 28

இப்போதும் அம்மா வழியாகத்தான் பேச்சு. "மரியமுத்து, உன்ரை மோளிட்டைச் சோறு போதுமோ எண்டு கேள்." நான் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறேன். "போதும் எண்டு சொல்லுங்கோ அம்மா." அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடுகிறாள்.

டிசெம்பர் 16, ஞாயிறு

பிடித்துவிட்டார். இரண்டு பேராமை.

கரையோரம் தடி நட்டு அடைத்த பட்டிக்குள் விட்டிருக்கிறார். அக்காதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பெரியது ஒரு கதிரையளவு. அள்ளிப்போட்ட கடற்சாதாழைப் புல்லை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. சின்னது தடியைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாசல் தேடுகிற மாதிரி.

பெரியதின் முன்துடுப்பில் ஏதோ மினுங்கியது. முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பிடித்துப் பார்த்தேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம் என்று நினைத்தால் இல்லை: ஓர் உலோகத் தகடு. ஆங்கில எழுத்துகள். 417 என்ற இலக்கம், எதிர்க்கரையில் தமிழ்நாட்டிலுள்ள ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தின் முகவரி, 'கண்டால் அறிவிக்கவும்'.

யாரோ தோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றாள் அக்கா.

அப்புவிடம் நேரே போனேன். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "அப்பு, பெரிய ஆமையிலை ஒரு விலாசம் இருக்கு. நான் எழுதப் போறன்."

வலையிலிருந்து தலை எடுக்கவில்லை. ஆனால் அம்மாவைக் கூப்பிடவுமில்லை. "எழுது. கலியாணம் முடிஞ்ச பிறகு எழுது."

டிசெம்பர் 17

எழுதிவிட்டேன். இன்றே, மதிய இடைவேளையில். அப்புவின் பெயரும் வீட்டு முகவரியும் கொடுத்தேன்.

ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றிருக்கிறது. கந்தோரில் எல்லாருக்கும் கலியாண அழைப்பு. தியாகலிங்கம் சேர் வருவார், அவரோடு மீன்பிடி அதிகாரியும் வருவார். என் கையால் தமிழாக்கி என் கையால் 'ஆ' போட்ட சட்டம். என் வீட்டுப் பந்தலில் ஆமைக் கறி. நான் என்ன செய்யிறது? போய்ச் சொல்லுறதோ? சொந்தத் தேப்பனை? சொல்லாமல் இருந்தால் நாற்பது பேருக்கு முன்னாலை நிண்டு நான் வாசிச்சது என்ன, கூத்தோ? அந்தாள் கேட்டதும் நியாயந்தானே — கன வருசமாய் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. இப்ப தெரியும். தெரிஞ்ச பிறகு?

சொல்லப் போவதில்லை. இன்றைக்கு இல்லை.

டிசெம்பர் 25

நத்தார். நல்ல சாப்பாடு. கோழி.

1980 ஜனவரி 5, சனி. நெடுந்தீவு

இன்று நடந்ததை எழுதி முடிக்காமல் படுக்க மாட்டேன்.

காலை பத்து மணியளவில் தபால்காரர் கந்தையா அண்ணை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு, "தந்தி! தந்தி!" என்று ஒழுங்கைக்குள் வந்தார். அவ்வளவுதான். அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு, "ஐயோ என்ரை அண்ணர்!" என்று குழறத் தொடங்கினா. மாமா கொழும்பில் கல்லுப்போல இருக்கிறார். அக்கம்பக்கம் முழுக்கச் சுவரால் எட்டிப் பார்த்து, பிறகு சுவரைச் சுற்றி வந்து முற்றத்தில் நின்றது.

அப்பு தந்தியை வாங்கி, தலைகீழாகப் பார்த்து, என்னிடம் தராமல் கந்தையா அண்ணையிடமே திருப்பிக் கொடுத்தார். "வாசி."

கந்தையா அண்ணை தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை: "ஆமை நானூற்றுப் பதினேழு உயிருடன் உள்ளதா. தயவுசெய்து விடவும். கடிதம் வருகிறது. அன்னபூரணம்."

முற்றத்தில் நின்ற சனம் இன்னும் நெருங்கி வந்தது.

"ஆருக்குத் தந்தி?" என்றார் அப்பு.

"உங்களுக்குத்தான் அண்ணை. சில்வெஸ்ரர் எண்டு போட்டிருக்கு."

"இந்தியாவிலையிருந்து?"

"ஓம்."

"ஆமைக்காக?"

"ஆமைக்காக."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, இவ்வளவு அழுததும் ஓர் ஆமைக்கா என்று கோபப்பட்டா. அப்புவோ எழும்பி வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டார்! ஊர் பின்னால் வர, பட்டிக்குப் போய், இரண்டு பேரின் உதவியோடு பெரிய ஆமையைத் தூக்கி ஆழத் தண்ணீரில் விட்டார். அது ஒரு தரம் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கிவிட்டு அமிழ்ந்தது. சனம் கைதட்டியது. கலியாண மாப்பிள்ளை மாதிரி அப்பு நின்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் போய்க் கேட்டேன்: "மற்றதையும் விடுவம் அப்பு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு ஆர் தந்தி அடிச்சது?"

ஜனவரி 7, திங்கள். ஊர்காவற்றுறை

காலை கந்தோருக்குப் போகும் முன் தபாற்கந்தோருக்குப் போனேன். தந்திப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பெறுபவர்: சில்வெஸ்ரர், நெடுந்தீவு மேற்கு.

'மற்ற ஆமைக்கு நான் தந்தி அடிக்கிறேன். அதையும் விடுங்கள். ஜசிந்தா.'

உள்ளே இருந்தவர் இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளை, ஆருக்கும் சுகமில்லையோ?"

"ஒரு ஆமைக்கு."

ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். நல்ல மனிதர்.

ஜனவரி 9

பதில் இல்லை. என்ன பதில் வரும்? அவர் எனக்குத் தந்தி அடிப்பாரா?

ஜனவரி 10

அம்மா திரும்பவும் உலக்கையைப் போட்டிருப்பா. அதை நினைக்கவே இல்லை. பாவம்.

ஜனவரி 12, சனி

லோஞ்சால் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கரைக்குப் போனேன். பட்டி வெறுமை.

கோபத்தில் வெட்டிவிட்டாரோ? மணலில் இரத்தம் தேடினேன். தடிகளின் அடியில், வள்ளத்துக்குப் பின்னால், தாழம்பற்றைக்குள், எங்கேயாவது ஓடு கவிழ்ந்து கிடக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

"என்ன தேடுறாய்?" பின்னால் அப்பு. நேரே என்னிடம், அம்மா இல்லாமல்.

"ஒண்டுமில்லை."

"ஓடு தேடுறாயாக்கும். ஓடு ஆமையோடை கடலுக்குப் போட்டுது."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நான் பின்னால். பாதி வழியில், திரும்பாமலே சொன்னார்: "இனித் தந்தி அடிக்கிறதெண்டால் கொம்மாவுக்கு முதலே சொல்லிவைச்சு அடி. மனுசி செத்துப் பிழைச்சது."

"ஓம் அப்பு."

"கந்தையனுக்கும் சிரிப்பு. வாசிக்கேக்கை."

ஜனவரி 18

அன்னபூரணம் அவர்களின் கடிதம் வந்தது. பெண்தான்! அழகான தமிழ், எங்களைவிடக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறார். இரண்டு வருடங்களுக்கு முன் மீனவர் வலைகளில் அகப்பட்ட ஒன்பது ஆமைகளுக்கு இலக்கம் பூட்டி விட்டாராம். எங்கே போகின்றன என்று அறியத்தான். 'ஒன்பதில் ஒன்றைப் பற்றி ஒருவர் எழுதியது இதுவே முதல் முறை. உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மற்ற தகடுகளில் சில யாருடைய சமையலறைச் சன்னலிலாவது கிடக்கும் என்று நினைக்கிறேன். நம் இரு அரசுகளுக்கும் சட்டம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லத்தான் வழி இல்லை.'

நாளைக்குச் சனிக்கிழமை, அப்புவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

ஜனவரி 24

நேற்றுக் கலியாணம். அக்கா தேர்ப்பாவை போல இருந்தாள். மாப்பிள்ளையின் பல் உண்மையிலேயே அழகுதான்.

பந்தியில் ஆட்டிறைச்சி. மாப்பிள்ளையின் பெரியப்பா இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சில்வெஸ்ரர், ஆமை எண்டல்லோ சொன்னது?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். வாக்குக் கொடுத்தவர் அப்பு. சம்பந்தி முன்னால் தலைகுனிய வைத்தவள் நான்.

"அவசரத் தந்தி வந்து ரெண்டும் ஊருக்குப் போட்டுதுகள்" என்றார் அப்பு.

பந்தல் சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. அரைவாசிச் சாப்பாட்டில் எழும்பி, கைகழுவி, அடுத்த லோஞ்சில் போய்விட்டார். இது சின்ன விசயம் இல்லை. பின்னேரம் அக்கா அழுதாள். மாப்பிள்ளை, "அவர் என்ரை அண்ணரின்ரை கலியாணத்திலையும் எழும்பிப் போனவர்" என்று சொல்லித்தான் அவளைத் தேற்றினார். நல்ல மாப்பிள்ளை.

மீன்பிடி அதிகாரி வரவில்லை. தியாகலிங்கம் சேர் சைவம். வடையும் பாயாசமும் போதும் என்று ஒரு மூலையில் இருந்தார். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே வெகுநேரம் கதைத்தா. என்ன கதைத்தாவோ.

ஜனவரி 28, திங்கள்

என்ன கதைத்தா என்று இன்று தெரிந்தது. எல்லாம் கதைத்திருக்கிறா. பட்டி, இரண்டு ஆமை, இரண்டு தந்தி, பெருமையோடு, ஒன்றும் விடாமல்.

சேர் கதவைச் சாத்தினார். "மிஸ் ஜசிந்தா, டிசெம்பர் பதினாறாந் திகதி கண்டனீர். ஜனவரி பன்னிரண்டு வரைக்கும் இந்தக் கந்தோருக்கு ஒரு சொல் சொல்லேல்லை. அப்பிடியோ?"

"ஓம் சேர்."

"அறிவித்தலைத் தமிழாக்கினது ஆர்?"

"நான்."

"நாளைக்கு ஒரு மீனவனைப் பிடிச்சு வழக்குப் போட்டால், அவன் உம்மைக் காட்டிக் கேக்க மாட்டானோ?"

கேட்பான். கேட்கத்தான் வேண்டும். நான் அழவில்லை, அழுதால் மை கரையும் என்று மேசையிலிருந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார்.

ஜனவரி 29

விளக்கம் எழுதினேன். மூன்று தரம் கிழித்தேன். முதலாவதில் அப்புவைக் காப்பாற்றினேன், இரண்டாவதில் என்னை, மூன்றாவதில் ஒரே கண்ணீர். நாலாவது ஒரு பக்கம். கண்டேன், பயந்தேன், சொல்லவில்லை, அது பிழை. இரண்டும் உயிருடன் விடப்பட்டன.

பெப்ரவரி 6

என் தனிக்கோவையில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று ஏறிவிட்டது. 'கடமையில் தவறியமை.' வேலை தப்பியது. கடிதத்தைத் தந்த சேர், "தமிழ் நல்லாயிருந்தது" என்றார். விளக்கத்தைச் சொன்னாரா, சட்டத்தைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

பெப்ரவரி 19

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு அன்னபூரணம் அக்கா (இப்போது அக்காதான்) வருகிறார்! அந்தப் பக்கத்துச் சனம் பாஸ்போட் இல்லாமல் வரக்கூடிய ஒரே இடம் அதுதானே. மீன்பிடி அதிகாரிக்கும் எழுதியிருக்கிறார். இங்கே அதிகாரிக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அவருடைய தமிழ் 'வணக்கம்' வரைதான். சேர் என்னை அனுப்புகிறார். "எச்சரிக்கை வாங்கின ஆள்தான் கவனமாய் இருக்கும்."

மார்ச் 2, ஞாயிறு

கச்சதீவிலிருந்து இப்போதுதான் வந்தேன். முகம் கருகிவிட்டது. உப்பில் தலைமயிர் சடை.

அன்னபூரணம் அக்கா குள்ளம். பெரிய தொப்பி. வள்ளத்தால் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு பற்றையின் பின்னால் போய் வாந்தி எடுத்தார். "பதினைந்து வருஷமா கடல் ஆராய்ச்சி. இன்னும் பழகலை" என்று சிரித்தார். அவரோடு சவரிமுத்து என்று ஒரு மீனவர். 417 முதலில் பட்டது அவருடைய வலையிலாம்.

எங்களோடு திருவிழாவுக்கு வந்திருந்த அப்பு அதைக் கேட்டதும் முன்னால் வந்தார்.

"ஓ, என்ரை ஆமை உம்மடை வலையிலையோ பட்டது?"

"உங்க ஆமையா? எங்க வலையில பட்ட ஆமைங்க அது. நாங்க வுட்டதாலதான் உங்க கிட்ட வந்துச்சு."

"நான் விட்டதாலைதான் இப்பவும் உயிரோடை திரியுது."

ஒரு கால் மணி நேரம் இதே வழக்கு. அதற்குள் இரண்டு பேரும் ஒரே சுருட்டைப் பாதி பாதி பற்றிக்கொண்டார்கள்.

கோயிலுக்குப் பின்னால் நிழலில் இரண்டு கரை மீனவரும் ஐம்பது அறுபது பேர் கூடினார்கள். எங்கள் அதிகாரி ஆங்கிலத்தில் பேச நான் தமிழாக்கினேன். நாடுகள், உடன்படிக்கை, கடமை, எதிர்காலம். நான் செய்த தமிழில் எனக்கே தூக்கம் வந்தது. அப்பு கையைத் தூக்கினார். எனக்குச் சங்கக் கூட்டம் ஞாபகம் வந்தது.

"அம்மா," என்றார் அன்னபூரணம் அக்காவைப் பார்த்து, "உங்கடை பக்கம் ஆமை வெட்டுறேல்லையோ?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அக்கா தொப்பியைக் கழற்றினார். "வெட்டறாங்க ஐயா. போன வாரம்கூட எங்க ஊர்ல ஒண்ணு. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"சட்டம் இருக்குத்தானே?"

"இருக்கு. உங்க மகள் மாதிரி ஊருக்குள்ள போய் வாசிக்க ஆள் இல்லை."

அப்பு என் பக்கம் தலையைச் சாய்த்து, மெதுவாக: "உண்மை சொல்லுற மனுசி."

தகடு பூட்டிய ஆமையைக் கண்டால் எப்படி அறிவிப்பது என்று பேச்சு வந்தது. தபால் அட்டை என்றார் அதிகாரி. வெளிநாட்டு முத்திரைக்கு எங்கே போவது என்று ஒருவர். எழுதத் தெரியாதே என்று இன்னொருவர். பேச்சு இழுபட்டது. அப்புதான் சொன்னார்: "வருசத்துக்கு ஒருக்கால் இஞ்சை வாறம்தானே. இலக்கத்தைக் குறிச்சு வைச்சு, அந்தோனியாருக்கு முன்னாலை கையிலை குடுப்பம். அங்காலையும் அப்பிடியே." சவரிமுத்து, "அது சரிங்க" என்றார். நான் அதைச் சட்டத் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். அதிகாரி எழும்ப முன்னமே இரண்டு கரையிலும் பன்னிரண்டு பேர் கையெழுத்தோ பெருவிரலோ வைத்துவிட்டார்கள். அதற்குச் சட்டப் பெறுமதி ஒன்றுமில்லை என்றார் அதிகாரி. பிறகு சாட்சியாகத் தானும் கையெழுத்துப் போட்டார்.

பிரியும்போது அப்பு திடீரென்று, "அம்மா, ஒரு கேள்வி. உந்த ஐம்பது நாட்டிலை எத்தினை நாட்டிலை ஆமை இருக்கு?"

அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வள்ளம் புறப்படும்வரை எண்ணினார்.

மார்ச் 3

தொண்டை கட்டிவிட்டது. கந்தோரில் சைகையால் வேலை.

மே 20

ஞானசவுந்தரி அக்காவுக்கு மாசம். மண்டைதீவுப் பெரியப்பா பலாப்பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். முழுச் சாப்பாடும் சாப்பிட்டாராம்.

ஜூலை 9

கொழும்பு வருடாந்த அறிக்கைக்குத் தீவுப்பகுதி விபரம் கேட்டிருக்கிறது. 'நெடுந்தீவு: பிடிபட்டு உயிருடன் விடப்பட்ட கடலாமைகள் — 2' என்று எழுதிக்கொண்டு போனேன்.

"ஆதாரம்?" என்றார் சேர்.

"என்ரை கோவையிலை இருக்கிற எச்சரிக்கைக் கடிதம், சேர்."

சிரித்து, இருமி, கண்ணாடியைத் துடைத்து, கையெழுத்து வைத்தார்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு. நெடுந்தீவு

நல்ல வெயில். கடல் சும்மா கிடக்கிறது. இருந்தும் அப்பு தொழிலுக்குப் போகவில்லை. புது வலை ஒன்று முற்றம் முழுக்க விரிந்து கிடந்தது, நடுவில் ஒரு பெரிய பொத்தல். நான் உள்ளே படுத்துக்கொள்ளக்கூடிய அளவு.

"என்னப்பு உது?"

"கல்லிலை பிடிச்சுப்போட்டுது." முகம் கொடுக்கவில்லை. "மேற்காலை கல்லுக் கூடுதல்."

அம்மா குசினிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினா. பிறகு தேத்தண்ணி தரும் சாட்டில் காதுக்குள் சொன்னா: "வெள்ளி விடிய ஒரு பெரிய ஆமை சிக்கிச் சுத்திப்போட்டுதாம். கந்தையன்ரை மோன் கண்டவன். கேட்டால் இல்லை எண்டுறார். நீ கேளாதை."

நான் போய் அப்புவுக்கு எதிரே சப்பணம் கட்டி உட்கார்ந்து, பொத்தலின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கல்லில் கிழிந்த வலை நூல் நூலாக உரிந்து பஞ்சாக நிற்கும். இது கண்ணுக்குக் கண், ஒரே சீராக, கத்தியால் அறுத்திருக்கிறது. சுற்றி வட்டமாக, அவசரப்படாமல்.

"கல்லோ?" என்றேன்.

"கல்லுத்தான்."

"ஓம் அப்பு."

இன்னொரு ஊசியில் நூல் கோத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு மற்றப் பக்கத்திலிருந்து பொத்தத் தொடங்கினேன்.